கைக்கு வேலை, காதுக்குப் பாடம்

சிகாகோவில் எர்ல் நைட்டிங்கேல் என்றொருவர் இருந்தார். வானொலியில் பேர்பெற்ற குரல். கூடவே சின்னதாக ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்சியும் நடத்திவந்தார். தன்னிடம் வேலை பார்த்த விற்பனையாளர்களைக் கூட்டிவைத்துப் பேசித் தெம்பு கொடுப்பது அவர் வழக்கம். 1956-ல் கொஞ்ச நாள் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தது. தான் இல்லாத நாளில் கூட்டத்தில் யார் பேசுவது? ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். சொல்ல நினைத்ததையெல்லாம் பேசிப் பதிந்தார். அதை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கேட்டவர்கள் வீட்டுக்கு ஒன்று, சினேகிதருக்கு ஒன்று என்று பிரதி கேட்க ஆரம்பித்தார்கள். ‘தி ஸ்ட்ரேஞ்சஸ்ட் சீக்ரெட்’ என்ற அந்தப் பேச்சு 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பாட்டு இல்லாத வெறும் பேச்சு ஒன்று தங்க இசைத்தட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை என்பார்கள்.

பாட்காஸ்டின் கதையைப் பெரும்பாலும் 2004-ல் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஆரம்பிக்கத் தோன்றுகிறது. பேசுகிறவர் ஊரில் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. கேட்கிறவர்கள் ஊர் உலகமல்ல, ஒரே தொழிலில் இருக்கும் கொஞ்சம் பேர். பேச்சு அவர்கள் அன்றாடம் செய்யும் வேலையைப் பற்றியது. பாட்காஸ்ட் என்றதும் இன்று நமக்குக் கொலை வழக்குக் கதையும் சினிமா அரட்டையும் நினைவுக்கு வரலாம். அதெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. வேலை செய்கிறவர்களின் காதுக்காகப் பிறந்த பண்டம் இது என்றே நான் நம்புகிறேன்.

நைட்டிங்கேலுக்குச் சில வருஷம் முன்பே, 1950களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவில் இதே யோசனை வேறொருவருக்கு வந்திருந்தது. டாக்டர்களுக்குப் புதிய மருத்துவ இதழ்களைப் படிக்க நேரமே கிடைப்பதில்லை. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கும், நோயாளிகளின் வீடுகளுக்கும் காரில் போய்வருவதிலேயே பாதி நாள் கழிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பாடம் கேட்டால் என்ன என்று நினைத்தவர் ஜெர்ரி பெட்டிஸ். கலிஃபோர்னியா மருத்துவச் சங்கத்தின் துணையோடு ‘ஆடியோ டைஜஸ்ட்’ என்ற அமைப்பு உருவானது. மருத்துவக் கட்டுரைகளின் சாரத்தைப் பேசிப் பதிந்து, ஒலிநாடாவாக டாக்டர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் கையடக்கக் கேசட்டைக் கொண்டுவந்த பிறகு இந்த வழி எல்லாத் தொழிலுக்கும் பரவியது. விற்பனைப் பயிற்சி, பாஷை பழகுவது, பரீட்சைக்குத் தயாராவது என்று எல்லாவற்றுக்கும் கேசட் வந்தது.

நம் ஊரில் அந்தக் காலத்துக் காதுப் பாடம் வானொலிதான். 1960களின் பிற்பகுதியில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் எந்த நாளில் நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று விடாமல் சொல்லிவந்தன. விவசாயிகள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒரு பயிர் தனக்குப் பாடம் சொன்ன கருவியின் பேரை வாங்கிக்கொண்டது. குரலால் தொழில் கற்பிக்க முடியுமா என்று யாராவது என்னிடம் சந்தேகம் கேட்டால் இந்த நெல்லைத்தான் சொல்வேன்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. வானொலி தேடி வரும், காத்திருக்காது. மாலை நிகழ்ச்சி நேரத்தில் மடைக்குப் போயிருந்தால் அன்றைய பாடம் போனதுதான். கேசட் காத்திருக்கும், தேடி வராது. யாராவது போய் வாங்கிவர வேண்டும். தேடியும் வரவேண்டும், காத்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே பொருளில் சேர்வதற்கு இன்டர்நெட் வரவேண்டியிருந்தது.

1993-ல் அமெரிக்காவில் கார்ல் மாலமூட் என்பவர் ‘இன்டர்நெட் டாக் ரேடியோ’ என்று ஒன்றைத் தொடங்கினார். இன்டர்நெட்டைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களைப் பேட்டி எடுத்து, ஒலிக்கோப்பாக இன்டர்நெட்டிலேயே வைத்தார். அதுவும் ஒரு தொழிலின் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுதான். அரைமணிப் பேச்சு ஏறக்குறைய 14 எம்பி. இன்று கல்யாணப் போட்டோ நாலு சேர்ந்தால் அவ்வளவு வரும். அன்றைக்கு வீட்டு டெலிபோன் கம்பி வழியாக, விநாடிக்கு 14,400 பிட் வேகமுள்ள நல்ல மோடத்தில் அதை இறக்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இத்தனைக்கும் வந்து சேர்வது டெலிபோனில் கேட்கிற தரத்துக் குரல்தான்.

குரலை அழகு கெடாமல் எடை குறைத்தவர்கள் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிலையத்தில் இருந்தார்கள். அந்தக் குழுவின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், காது எதைக் கவனிக்காதோ அதை மட்டும் கழித்துவிடும் முறையைச் செப்பம் செய்துகொண்டிருந்தார். வாத்தியங்கள் நிறைந்த பாட்டில் பிசகுகள் மறைந்துவிடும். தனிக்குரலில் மறையாது. அதனால் பக்கவாத்தியம் இல்லாமல் சூசன் வேகா பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சோதித்தார். 1995-ல் அந்தக் கோப்புக்கு எம்பி3 என்று பேர் விழுந்தது. இப்போது அதே 14 எம்பிக்குள் அரைமணிப் பேச்சு, பேசுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிற தெளிவில் அடங்கிவிடும். ஒரே ஒரு மனிதக் குரலை வைத்துப் பழக்கப்பட்ட கோப்பு, பிற்பாடு பாடம் சொல்லும் குரல்களைத் தூக்கிச் சுமந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

இனி வருவது இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். எம்டிவியில் பாட்டுத் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி, 2000-ல் நியூயார்க்கில் டேவ் வைனர் என்ற மென்பொருள்காரரைச் சந்தித்தார். வைனர் கையில் ஆர்எஸ்எஸ் இருந்தது. ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது எழுதினால், அதைப் பின்தொடர்கிறவரின் கம்ப்யூட்டருக்குத் தானாகச் சேதி சொல்லும் ஏற்பாடு அது. கரியின் யோசனை எளிமையானது. ஒலியைக் கேட்கச் சொடுக்கினால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி நாம் தூங்கும்போது கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது? அப்போதே அது கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால் காலையில் சொடுக்கியதும் பேச்சு ஆரம்பித்துவிடுமே! டிரிஸ்டன் லூயி என்பவரும் இதே போல ஒன்றை எழுதியிருந்தார். அந்த வருஷம் டிசம்பரில் வைனர் ஆர்எஸ்எஸ்ஸில் ஒரு வரியைச் சேர்த்தார். அதன் பேர் ‘என்க்ளோஷர்’. கடிதத்தோடு வைத்து அனுப்பும் இணைப்பு என்று அர்த்தம்.

அந்த வரியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அதில் மூன்றே விவரங்கள். கோப்பு எங்கே இருக்கிறது, அதன் எடை எவ்வளவு, உள்ளே இருப்பது என்ன வகை. தபால் ஆபீசில் பார்சல் கட்டிக்கொண்டு போனால் கவுண்டரில் கேட்கிற அதே மூன்று கேள்விகள்தான். யார் அனுப்பலாம், யார் பெறலாம், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இல்லை. வைனர் அதைத் தன் சொத்தாக வேலி கட்டி வைத்துக்கொள்ளவும் இல்லை. இன்றைக்கும் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தன் பாடத்தை உலகத்துக்கு அனுப்பினாலும், ஒரு பெரிய பத்திரிகை அனுப்பினாலும், அடியில் ஓடுவது அதே ஒற்றை வரிதான்.

வரி பிறந்துவிட்டது, ஆனால் மூன்று வருஷம் அதைக் கவனிப்பார் இல்லை. இடையில் 2001 அக்டோபரில் ஆப்பிளின் கையடக்கப் பாட்டுக் கருவியான ஐபாட் வந்தது. 2003-ல், பாஸ்டன் பொது வானொலியில் பேர்பெற்ற கிறிஸ்டோபர் லைடன், ஹார்வர்டின் பெர்க்மன் மையத்தில் இருந்தபடி நீண்ட பேட்டிகளைப் பதிய, அங்கேயே இருந்த வைனர் அவற்றை அந்த இணைப்பு வரியில் கோத்து அனுப்பினார். 2004 பிப்ரவரியில் ‘கார்டியன்’ பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி இந்தப் புதிய வழக்கத்துக்கு என்ன பேர் வைக்கலாம் என்று அடுக்கிய பேர்களில் ஒன்று ‘பாட்காஸ்டிங்’. ஆகஸ்டில் கரி தன் தினசரி நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2005 ஜூனில் ஆப்பிள் 3,000 பாட்காஸ்டுகளுக்கு மேல் தன் ஐடியூன்ஸில் சேர்த்தது. அந்த வருஷக் கடைசியில் நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. தமிழில் ‘வலையொலி’ என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறது. பேச்சில் பாட்காஸ்டே நின்றுவிட்டது.

கல்விச்சாலைகள் இந்தப் பண்டத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டன. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம் 2004 ஆகஸ்டில் புதிதாகச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஐபாட் கொடுத்தது. மாணவர்கள் வகுப்புகளைப் பதிந்துகொண்டார்கள், அயல்மொழி உச்சரிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த வருஷமே எல்லாருக்கும் கொடுப்பதை விட்டு, பாடத்துக்கு அது தேவைப்படுகிற வகுப்புகளுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தத் திருத்தம் எனக்கு அந்த முதல் தாராளத்தைவிட மதிப்பானதாகத் தெரிகிறது. கையில் கருவியைக் கொடுத்துவிட்டால் பாடம் நடந்துவிட்டதாக நினைக்கிற நிர்வாகங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

2007-ல் ஆப்பிள் ‘ஐடியூன்ஸ் யு’ என்ற தனி அலமாரியைத் திறந்தது. மறு வருஷம் ஆக்ஸ்ஃபோர்டும், தொலைதூரக் கல்விக்குப் பேர்போன ஓபன் யுனிவர்சிட்டியும் அதில் சேர்ந்தன. கட்டணம் கட்டி உட்காரவேண்டிய வகுப்பறைகளின் பேச்சு, பஸ்ஸில் போகிறவர் காதுக்கு இலவசமாக வந்தது. 2013-ல் அங்கிருந்து இறக்கிய பாடங்களின் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. 2021 கடைசியில் ஆப்பிள் அந்த அலமாரியை மூடிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் பேச்சுகள் அதோடு போய்விடவில்லை. அவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலேயே வீடு இருந்தது. 2024-ல் கூகிள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோதும் இதே கதைதான்: செயலி போனது, நிகழ்ச்சிகள் இருந்தன. பஸ் ஸ்டாண்டை இடித்தாலும் பஸ் வேறு இடத்தில் நின்று ஏற்றிக்கொள்ளும். பாடம் சொல்கிற எந்த அமைப்பும் தன் குரலின் முகவரியைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்வது இதனால்தான்.

டாக்டர்களிடம் இந்தப் பண்டம் திரும்பி வந்தது ஒரு வட்டம் போல. அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி டியூட்டி முடிந்து விடிகாலையில் காரை எடுக்கும்போதுதான் காது சும்மா இருக்கும். 2009-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்காட் வைன்கார்ட் ‘எம்க்ரிட்’ என்ற பாட்காஸ்டைத் தொடங்கி, உயிருக்குப் போராடும் நோயாளியை முதல் சில நிமிஷங்களில் கையாளும் விதத்தைப் பேச ஆரம்பித்தார். 2012-ல் டப்ளினில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன டாக்டர்கள், இப்படி இலவசமாகப் பகிரப்படும் மருத்துவக் கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ஃபோம்’ என்று பேர் வைத்தார்கள். பாடநூலில் அச்சாக வருஷங்கள் பிடிக்கிற ஒன்று சில வாரங்களில் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் டாக்டரின் காதில் விழுந்தது. அவர் அதை மறுத்துப் பதில் பேசவும் முடிந்தது. சபையில் எதிர்க்கேள்வி இருக்கிறவரைக்கும்தான் அது கல்வி.

வியாபார நிறுவனங்கள் 2005-ல் இறங்கின. ஜெனரல் மோட்டார்ஸ் தன் அதிகாரிகளைப் பேசவைத்துப் பாட்காஸ்ட் வெளியிட்டது. ஐபிஎம் தன் முதலீட்டாளர்களுக்காக ஒரு தொடரைத் தொடங்கியது. உள்ளே இருக்கும் ஊழியர்களுக்கும் மெல்ல மெல்ல வந்தது. காரணம் கண்ணுக்குத் தெரிகிறதுதான். அமெரிக்கத் தலைமை அலுவலகம் காலையில் கூட்டம் போட்டால் சென்னையில் ராத்திரி. எல்லாரையும் ஒரே நேரத்தில் போனில் உட்காரவைப்பதற்குப் பதிலாகப் பேச்சைப் பதிந்து அனுப்பினால் அவரவர் பொழுதில் கேட்டுக்கொள்ளலாம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிச்சாவி போட்ட முகவரி கொடுத்து, வெளியாள் கேட்க முடியாதபடி வைக்கும் ஏற்பாடும் வந்தது.

ஆனால் அலுவலகப் பாட்காஸ்டுகளில் கேட்பாரற்றுப் போனவைதான் ஏராளம். சுற்றறிக்கையை ஒருவர் வாய்விட்டுப் படித்தால் அது பாட்காஸ்ட் ஆகிவிடாது. கண்ணுக்கு எழுதிய வாக்கியம் காதில் நிற்பதில்லை.

கம்ப்யூட்டரும் ஐபாடும் இல்லாத இடத்திலும் இதே தேவை இருந்தது. 2008, 2009 வாக்கில் தேனி மாவட்டத்தில் ‘விடியல்’ அமைப்பைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் ஆடு வளர்க்க வங்கியில் கடன் கேட்டார்கள். திட்டத்தில் ஆடுகள், கிடாவோடு ஒரு செல்போனையும் செலவாக எழுதியிருந்தார்கள். கனடாவிலிருந்து இயங்கும் ‘காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்’ இந்த முயற்சிக்குத் துணை நின்றது. விவசாயிகளுக்குப் போனில் செய்தி அனுப்பும் ‘இஃப்கோ கிசான் சஞ்சார்’ வழியாக ஆடு வளர்ப்பு பற்றிய சின்னச் சின்னக் குரல் செய்திகள் தினமும் சில அந்தப் பெண்களின் போனுக்கு வந்தன. போன் ஊர்க்கதை பேசுவதற்கு என்று நினைத்த காலத்தில், அது ஆட்டுக் கொட்டகையோடு சேர்ந்த தொழில் சாமான் என்று ஒரு வங்கியை ஒத்துக்கொள்ள வைத்தார்களே, அந்தத் தெளிவை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆடு மேய்க்கப் போகிறவரால் புத்தகத்தை விரித்துக்கொண்டு நடக்க முடியாது. கண் ஆட்டின் மேல் இருக்கவேண்டும். காது சும்மா இருக்கிறது.

பீகாரில் 2012-ல் ‘மொபைல் அகாடமி’ வந்தது. ஆஷா என்று நாம் சொல்கிற கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் சாதாரண போனிலிருந்து ஓர் எண்ணைச் சுழற்றினால் ‘டாக்டர் அனிதா’ என்ற பாத்திரத்தின் குரல் பாடம் எடுக்கும். 11 அத்தியாயங்கள், எல்லாம் சேர்ந்து 240 நிமிஷம். கேள்விக்குப் பட்டனை அமுக்கிப் பதில் சொல்லித் தேறினால் சான்றிதழ். பிபிசி மீடியா ஆக்‌ஷன் உருவாக்கிய இதை 2016-ல் மத்திய சுகாதாரத் துறை மற்ற மாநிலங்களுக்கும் எடுத்துப்போனது. கூடவே வந்த ‘கில்காரி’யில், கர்ப்பத்தின் 4-ஆம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயசு ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகள். ஆர்எஸ்எஸ் வரி இவற்றில் கிடையாது, அதனால் பாட்காஸ்ட் கணக்கில் சேராது என்று துறை ஆட்கள் சொல்வார்கள். தேடி வருகிறது, தொடராக வருகிறது, வேலை செய்கிறவரின் பொழுதுக்கு வருகிறது. எனக்கு அது போதும்.

சில வருஷம் முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இந்த வேலை எனக்கே வாய்த்தது. செக்கிங் பிரிவுக்குப் புதிதாக வரும் பெண்களுக்குக் காதால் கேட்கிற பாடங்கள் தயாரிக்க வேண்டும். தையல் மெஷினிலும் கட்டிங்கிலும் இயர்போனுக்கு அனுமதி கிடையாது, கூடவும் கூடாது. ஆனால் ஹாஸ்டலிலிருந்து கம்பெனி வேனில் வர 40 நிமிஷம். சாயங்காலம் துணி துவைக்க அரைமணி. அந்த நேரம்தான் எங்கள் வகுப்பறை.

முதல் பாடத்தை அலுவலகம் பதிந்து கொடுத்தது. 22 நிமிஷம். வேலை விதிகள், தரக் கொள்கை, லீவு விவரம். வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் எல்லாரும் ‘ஓகே’ என்று பதில் அனுப்பினார்கள். மறுநாள் வேனில் ஏறி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். 2 நிமிஷத்துக்கு மேல் கேட்டவர் ஒருவரும் இல்லை. அந்தப் பெண்கள் மேல் குற்றமே கிடையாது. அதில் அவர்களைப் பார்த்துப் பேசிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் செக்கிங் டேபிளில் 15 வருஷமாக நிற்கிற ஓர் அக்காவைக் கேட்டோம். ஒலிப்பதிவுக்கு இடம் தேடினால் கம்பெனி முழுக்கச் சத்தம். கடைசியில் துணி ரோல்கள் அடுக்கியிருக்கும் குடோன் அகப்பட்டது. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு ரோல்கள், நடுவே ஒரு ஸ்டூல். துணி எதிரொலியை அப்படியே குடித்துவிடும். எந்த ஸ்டூடியோவுக்கும் குறையாத அமைதி. ஆனால் மைக்கை முன்னால் வைத்ததும் அக்காவுக்குப் பேச்சே வரவில்லை.

“ஏனுங் தம்பி, வெறும் மைக்கப் பாத்து என்னத்தங்க பேசறது? கையில பீஸு இருந்தாத்தானுங்க எனக்கு வாயி வரும்.”

ஒரு டி-சர்ட்டையும் டிரிம்மரையும் கொண்டுவந்து கொடுத்தோம். குரலே மாறிவிட்டது.

“கண்ணு, மொதல்ல உள்பக்கத்தத் திருப்பு. வெளிப்பக்கம் எல்லாமே அழகாத்தான் இருக்கும். இப்ப ரெண்டு கையும் உள்ள உட்டு விரிச்சு, லைட்டுக்கு நேரா புடி. ஊசி ஓட்டைய வெளிச்சந்தான் காட்டிக் குடுக்கும். கழுத்த ஒருக்கா இழுத்துட்டு உடு. உட்ட ஒடனே பழைய எடத்துக்கு வரோணும். வரலீன்னா அந்த பீஸத் தனியா வையி. அப்பறம் பிசிறு...”

சொல்லிக்கொண்டே வெட்டினார். ‘கச்’ என்ற அந்தச் சத்தம் மைக்கில் விழுந்தது. பதிவு செய்த பையன் அதை நீக்கிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கேட்கிற பெண்ணுக்கு எங்கே வெட்டுவது, எவ்வளவு வேகத்தில் வெட்டுவது என்பதை அந்தச் சத்தம்தான் சொல்லிக்கொடுக்கும். முழுப் பாடமும் 3 நிமிஷம் 40 விநாடி, 2 எம்பிகூட இல்லை.

வேனில் அந்தக் குரல் ஓட ஆரம்பித்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருத்தி தன் துப்பட்டா ஓரத்தை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அக்காவிடம் அப்படியே 19 பாடங்கள் பதிந்தோம். எண்ணெய்க் கறை ஒன்று, கட்டு முழுக்க ஒரே இடத்தில் தையல் விட்டுப்போவது ஒன்று, லைன் சூப்பர்வைசரிடம் டேமேஜைப் பயப்படாமல் சொல்வது எப்படி என்று ஒன்று. அந்தக் கடைசிப் பாடத்தை எந்த அலுவலகமும் எழுதியிருக்காது.

எல்லாவற்றையும் காதுக்குக் கொடுக்க முயலவில்லை. அளவுப் பட்டியல் சுவரிலேயே இருந்தது. மார்பளவில் எத்தனை சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம் என்பதைக் குரலில் சொன்னால் அடுத்த எண் வருவதற்குள் முந்தின எண் போய்விடும். காது பக்கத்தைத் திருப்பிப் பார்க்காது. எண்கள் காகிதத்தில் இருக்கட்டும். ஏன் பார்க்கவேண்டும், எதில் சந்தேகப்பட வேண்டும், கை எப்படி நகர வேண்டும் என்பது குரலில் வரட்டும்.

ஒன்றில் மட்டும் எனக்கு மனக்குறை. இதையெல்லாம் முறையான பாட்காஸ்டாகவே விட்டுப் பார்த்தோம். அதற்கென்று ஒரு செயலியைப் போனில் ஏற்ற வேண்டியிருந்தது. சூப்பர்வைசர்கள் ஏற்றினார்கள், பெண்கள் வாட்ஸ்அப்பை விட்டு நகரவில்லை. வாட்ஸ்அப் குழுவிலோ, திங்கட்கிழமை சேர்கிற பெண்ணுக்குப் போன மாதம் போட்ட பாடம் கண்ணில் படாது. வைனரின் அந்த வரி இருந்தால் எப்போது சேர்ந்தாலும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வேறு வழி இல்லாமல் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் “ஒண்ணாவது பாடம்”, “ரெண்டாவது பாடம்” என்று அக்காவையே சொல்லவைத்தோம். யார் யாருக்கு அனுப்பினாலும், எந்தப் போனுக்குப் போனாலும் வரிசை குலையாமல் இருந்தது.

கொஞ்ச மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். இப்போது செக்கிங்கில் பாதிப் பேர் ஒடிசாப் பெண்கள். நன்றாகத் தமிழ் பழகிவிட்ட ஒருத்தி தன் போனை நீட்டிக் கேட்கச் சொன்னாள். அக்காவின் பாடத்தைத் தானே ஒடியாவில் பேசிப் பதிந்திருக்கிறாள். அதே குடோனில் உட்கார்ந்து, கையில் பீஸை வைத்துக்கொண்டு. ஊரிலிருந்து கிளம்பத் தயாராகும் பெண்களுக்கு ரயில் ஏறும் முன்பே அனுப்பிவிடுகிறாளாம். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. 2 நிமிஷம் தாண்டி ஓரிடத்தில் மட்டும் ‘பிசிறு’ என்று தெளிவாகக் கேட்டது. அடுத்த விநாடி, ‘கச்’.